வெள்ளிலிங்கம் வகையறா

தெற்காவணி மூல வீதியில்
நகைக்கடைக் கண்ணாடிகளுக்கு இடையே
ஒடுங்கிக் கிடக்கும் மாடிப்படி.
மூச்சு வாங்க ஏறி வந்தாள்,
கக்கத்தில் சுருட்டிய வம்சப் படத்தோடு.

பிரித்தால் மேஜை போதவில்லை.
ஒரு முனைக்குத் தராசு, ஒரு முனைக்கு உரைகல்,
மற்ற இரண்டையும்
அவளும் நானும் பிடித்துக்கொண்டோம்.

உச்சியில் ஒரு தாமஸ் பெல்லிங்காம்.
கம்பளி விற்று, கடன் கொடுத்து, பாங்கு ஆனவர்.
அவர் மகன் தாமஸ்.
அவர் மகனும் தாமஸ்.
பெயரைக்கூடப் புதிதாகச் செலவழிக்காத குடும்பம்.
மூத்தவனுக்குப் பெட்டிச்சாவி,
நடுப்பையனுக்குப் பாதிரி அங்கி,
கடைசிப் பையனுக்குக் கப்பல்.
அந்தக் கடைசிக் கோடு
தாளின் ஓரத்துக்கு வந்து, பென்சிலில், நின்றுவிடுகிறது:
எட்வின். மதுரா. வாரிசில்லை.

வாரிசில்லையா?
வெளியே போர்டைப் பார்த்தீர்களா என்றேன்.

பருத்திக்கு முன்பணம் கொடுக்க வந்தவர் எட்வின் துரை.
பித்தளையில் வெட்டி மாட்டினார்
'பெல்லிங்காம் அண்ட் சன்ஸ்.'
திருமங்கலத்துக் கரிசல்காட்டு நாக்கில்
அது நாலு நாள் நிற்கவில்லை.
பெல்லிங்கம், வெள்ளிங்கம்,
அப்புறம் வெள்ளிலிங்கம்.
சிவராத்திரிக்கு யாரோ
இரும்புப் பெட்டிமேல் வில்வம் வைத்துப் போனார்களாம்.
துரை எடுக்கச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் சண்டை நின்றது.
பஞ்சு விலை விழுந்தது.
தாய்ப் பாங்கு லண்டனில் கதவைச் சாத்தியது.
ஏழு மாதச் சம்பளப் பாக்கிக்கு
பெட்டியையும் பலகையையும்
கேஷியர் ஆவுடையப்ப பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தார் துரை.
லிங்கம் போச்சு, ஆவுடை மிஞ்சிச்சு என்று
வீதி சிரித்தது.

பிள்ளைக்குப் பிள்ளை இல்லை.
அவருக்குப் பின் சம்சாரம் உலகம்மாள்,
கைநாட்டு; மாற்றுக் குறைந்த பொன்னை
மோந்தே சொல்வாளாம்.
அவளுக்குப் பின் உரசிப் பார்த்த வீரபத்திர பத்தர்.
அவர் மகன் ரயில்வேக்குப் போய்விட்டான்,
வந்தது மருமகளின் தம்பி காசிவிசுவம்.
காசிவிசுவத்தின் கடனுக்கு ஈடாக
பீர் ராவுத்தர் கைக்குப் போனது.
வட்டி தனக்கு ஆகாது என்று
கணக்கெழுதிக் கொண்டிருந்த எனக்கே விற்றார், தவணையில்.
என் பெயர் ஜெபக்கனி.
நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது,
'சன்ஸ்' என்ற சொல்லுக்குக் கீழே
ஒரு மகனும் உட்காரவில்லை.

சிரித்தாள். சிரித்து முடித்து,
அவர் ஏதாவது விட்டுப் போனாரா என்றாள்.

நாலாம் நம்பர் பேரேடு.
அட்சய வருஷம், ஆவணி பதினொன்று.
குறையாதது என்று பெயர் வைத்த வருஷத்தில்
துரை தன் கேஷியரிடமே
தன் கடிகாரத்தை வைத்திருக்கிறார்.
முப்பது ரூபாய்.
வெள்ளி மூடி, கண்ணாடியில் கீறல்.
மீட்கவில்லை. யாரும் ஏலத்தில் விடவும் இல்லை.
ஏன் என்று எனக்குத் தெரியாது.
கடை கைமாறிய ஒவ்வொரு முறையும்
சாவிக்கொத்தோடு சேர்ந்து வந்தது.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.
வட்டி எவ்வளவு?
கணக்குப் போட்டால் இந்த வீதியையே வாங்கலாம்.
ஒரு மாத வட்டி கட்டுகிறேன் என்றாள்,
திரும்ப உள்ளே வையுங்கள்.

ரசீது எழுதினேன். பெயர்: ஹெஸ்டர்.
தகப்பனார் அல்லது கணவர் பெயர்?
அம்மா வழி, அம்மாவின் அம்மா வழி.
இந்தப் படத்தில் நான் எங்கும் இல்லை,
வரைந்தது மட்டும்தான் நான் என்றாள்.
அச்சடித்த கட்டத்தில் அவ்வளவுக்கு இடமில்லை.
பேனா கொஞ்சம் நின்றது.
நிலப் பத்திரங்களில் புழங்கும் சொல் ஒன்று,
பங்காளிகள் பட்டியல் நீளும்போது எழுதுவது.
எழுதினேன்:
வெள்ளிலிங்கம் வகையறா.

கீழே, என் கையெழுத்துக்குப் பக்கத்தில்
கடை முத்திரையைக் குத்தினேன்.
அதிலும் அதே பெயர்தான்.
மை காயட்டும் என்றேன்.
காத்திருந்தாள்.